சோளக்காட்டுக்கு ஏறும் வண்டிக்கு ஆயில் எப்போது மாற்றுவது?

கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளியோடு சமவெளி முடிந்துவிடும். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை நிற்கும். முதல் பத்து வளைவுவரை வண்டிக்குள் பேச்சும் பாட்டுமாக இருக்கும். முப்பதைத் தாண்டும்போது ஓட்டுகிறவர் பேச்சை நிறுத்தியிருப்பார். செகண்டில் போட்டால் திணறும், ஃபர்ஸ்டுக்கு வந்தால் இரையும். வளைவுக்கு வளைவு இதே கதை. மேலே வந்து, பலாப்பழ வாசனை அடிக்கும் சந்தைப் பக்கம் ஓரங்கட்டி நிறுத்தியபிறகு ஓடோமீட்டரைப் பாருங்கள். அவ்வளவு பாட்டுக்கும் அது சில பத்து கிலோமீட்டர் கூட்டியிருக்கும், அவ்வளவுதான். நாமக்கல்லிலிருந்து சேலம் பக்கம் நாற்கரச் சாலையில் டாப் கியரில் மிதந்து போயிருந்தாலும் அதே தூரத்தைத்தான் எழுதியிருக்கும்.

ஆயில் மாற்றுவதில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கிலோமீட்டர் என்பது சக்கரம் உருண்ட கணக்கு. ஆயில் உழைத்த கணக்கு வேறு. மலைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டாவது கணக்கையும் போடத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏற்றத்தில் இன்ஜினுக்கு என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். நாமக்கல் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. கொல்லிமலையின் மேல்பகுதி 1,000 முதல் 1,300 மீட்டர் வரை. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ வரும் ஒரு சிறிய காரை ஆயிரம் மீட்டர் மேலே தூக்க மட்டும் மூன்றேகால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வேலை ஆகும். பெட்ரோல் இன்ஜின் குடிக்கிற எரிபொருளில் கால்பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மீதி எல்லாம் சூடு. சூட்டில் ஒரு பகுதி சைலன்சர் வழியே போகும், ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகும், இன்னொரு பகுதி ஆயிலுக்கு வந்து சேரும். சமவெளியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிர்காற்றே இன்ஜினைக் குளிர்விக்கும். மலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எங்கே இருக்கிறது? ரேடியேட்டருக்காவது ஃபேன் உண்டு. அடியில் சேம்பரில் கிடக்கும் ஆயிலுக்குப் பெரும்பாலான சிறிய கார்களில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை.

சூடு ஏறினால் ஆயில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவது வேகமாகும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆயில் துறையில் பழகிப்போன தோராயக் கணக்கு. 100 டிகிரியில் இருக்கவேண்டிய ஆயில் ஏற்றத்தில் 120 டிகிரிக்குப் போனால், அந்த ஒரு மணி நேரத்தில் நாலு மணி நேரத்துக்கான முதுமை அடைகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆயில் வழுவழுப்பு கொடுப்பதற்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். பிஸ்டனின் அடிப்பக்கத்தைக் குளிர வைப்பதும், கரியைத் துகள் துகளாகப் பிரித்து மிதக்கவைப்பதும், எரிபொருள் எரிந்து உண்டாகும் அமிலத்தை முறிப்பதும், ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே அடைப்பாக நிற்பதும் அதே ஆயில்தான். இந்த வேலைகளை அடிப்படை எண்ணெய் தனியாகச் செய்வதில்லை. அதில் கலந்துள்ள ரசாயனச் சேர்மானங்கள் கூட நின்று செய்கின்றன. சோப்புக் கரைசலில் துணி துவைக்கத் துவைக்கச் சோப்பின் வீரியம் தீர்ந்துபோவது போல அவையும் தீரும். ஒரு கட்டத்தில் ஆயில் அளவில் குறையாமல் இருக்கும், கையில் தொட்டால் வழுவழுவென்றும் இருக்கும்; ஆனால் அமிலத்தை முறிக்கவோ கரியைச் சுமக்கவோ அதில் சத்து இருக்காது. அந்தக் கட்டத்துக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். ஆயில் மாற்றும் இடைவெளி என்று நாம் சொல்வதெல்லாம் அந்தக் கட்டம் எப்போது வரும் என்ற மதிப்பீடுதான்.

இனி, 5,000 சரியா, 10,000 சரியா என்ற பழைய வழக்குக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்பில் பெரிய மெக்கானிக்கைக் கேட்டால் ஐயாயிரம் என்பார். இன்று விற்கும் பெரும்பாலான பெட்ரோல் கார்களின் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்று இருக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மெக்கானிக் தொழில் கற்ற காலத்தில் கார்பரேட்டர் இருந்தது. சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். பெட்ரோலில் ஈயம் இருந்தது. நாடு முழுக்க அது ஒழிந்தது 2000-ல்தான். டீசலில் கந்தகம் நிறைய இருந்தது. கந்தகம் எரிந்தால் அமிலம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 மாசுக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது ஒரு கிலோ எரிபொருளில் கந்தகம் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றானது. அதற்கு முந்தைய பிஎஸ்4-ல் 50. ஆயிலும் மினரல் என்ற நிலையிலிருந்து சிந்தெடிக்குக்கு வந்துவிட்டது. எரிபொருள் சுத்தமானது, இன்ஜின் துல்லியமானது, ஆயில் தேறியது. ஆகவே சமவெளியில் ஒழுங்காக ஓடும் புது காருக்கு 5,000-ல் ஆயிலைக் கொட்டுவது வீண் செலவு என்றே சொல்வேன்.

ஆனால் அதே கையேட்டில் இன்னும் சில பக்கங்கள் புரட்டுங்கள். கடினமான சூழ்நிலையில் ஓடும் வண்டிகளுக்கு என்று தனி அட்டவணை இருக்கும். மலைச்சாலை, பாரம், தூசி, அடிக்கடி குறுந்தூர ஓட்டம், நின்ற இடத்தில் நெடுநேரம் இன்ஜின் ஓடுதல் ஆகியவை அதில் வரும். பல கையேடுகள் அங்கே இடைவெளியைப் பாதியாக்கச் சொல்கின்றன. வண்டி வாங்கும்போது யாரும் இந்தப் பக்கத்தைக் காட்டுவதில்லை. கொல்லிமலையில் குடியிருக்கும் வண்டி அந்தப் பட்டியலில் ஒன்றுக்கு மூன்றாகப் பொருந்தும்.

எவ்வளவு கடினம் என்பதைக் கணக்காகப் போட வழி இருக்கிறது. டிராக்டர் வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவர் கிலோமீட்டர் சொல்லமாட்டார், மணி சொல்லுவார். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்களும் அப்படித்தான். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று ஓடும் கம்ப்ரஸருக்குக் கிலோமீட்டர் ஏது? பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது வழக்கம். கார் கையேட்டின் 10,000 கிலோமீட்டரையும் இதோடு ஒட்டிப் பாருங்கள். ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து ஓடும் காரின் சராசரி வேகம் 40 கிலோமீட்டர் என்றால், 10,000 கிலோமீட்டருக்கு 250 மணி நேரம். அதே கார் மலையிலேயே ஓடி, சராசரி வேகம் 20 கிலோமீட்டராக இருந்தால் 250 மணி நேரம் 5,000 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். மெக்கானிக் சொன்ன ஐயாயிரம் மலையில் உயிரோடு இருக்கிறது.

இன்றைய கார்களில் டேஷ்போர்டிலேயே சராசரி வேகம் காட்டும். ஆயில் மாற்றிய அன்று அதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் பார்த்து, அந்த எண்ணை 250-ஆல் பெருக்குங்கள். 22 என்று காட்டினால் 5,500 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். 30 என்றால் 7,500. 50 என்றால் 12,500 வரும். அப்போது கையேடு சொல்லும் 10,000-ஐத் தாண்டக்கூடாது. முன்கூட்டி மாற்றலாம், கையேட்டைத் தாண்டிப் போகக்கூடாது. வாரன்டி இருக்கும் வண்டி என்றால் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த 250 என்பது எந்தக் கார் கம்பெனியும் எழுதிக்கொடுத்த எண் அல்ல, என் கைக்கணக்கு. ஆனால் மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வித்தியாசத்தை வெறும் கிலோமீட்டரைவிட இது நேர்மையாகக் காட்டுகிறது என்பதால் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

சந்தை நாளில் அன்னாசி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் ஓட்டுநரிடம் இதைப் பேசிப் பார்த்தேன்.

"ஆயில் மாத்தி எத்தன கிலோமீட்டர் ஆச்சுங்க?"

"ஏழாயிரம்தானுங்ண்ணா. புக்குல பத்தாயிரம் போட்டிருக்குது. இன்னும் மூவாயிரம் ஓட்டலாமுங்க."

"ஒரு நாளைக்கு இன்ஜின் எத்தன நேரம் ஓடும்?"

அவர் சற்று யோசித்தார். "கீழ போயி மேல வந்து, நடுவுல லோடு ஏத்தறப்ப ஓடறதையும் சேத்தா மூணு மணி நேரம் வருமுங்க. அறுபது கிலோமீட்டருக்குள்ளதான் ஓட்டம்."

மணிக்கு 20 கிலோமீட்டர். ஏழாயிரத்துக்கு 350 மணி நேரம். அதுவும் சும்மா ஓட்டமில்லை, பாதி நேரம் ஒரு டன்னுக்கு மேல் பாரத்தோடு ஏற்றம். அவர் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் தார் போல இருந்ததோடு, கீழ்க்கோட்டுக்கும் அடியில் கிடந்தது. நிறம் எனக்குப் பயம் தரவில்லை, அளவுதான் தந்தது.

நிறத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுத்துவிட்டது, ஆகவே கெட்டுவிட்டது என்ற முடிவு தவறு. டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைச் சுமந்து மிதக்கவைக்கிற தன் வேலையை அது செய்கிறது என்று அர்த்தம். பயப்படவேண்டிய நிறம் ஒன்றே ஒன்று: பாலும் காபியும் கலந்தது போன்ற நிறம். டிப்ஸ்டிக் முழுக்க அப்படி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் அது வேறு விஷயம். அடுத்து அதைத்தான் பேசப்போகிறேன்.

மலையில் வண்டி ஆயிலைக் கெடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இதுவரை சொன்ன சூடு. மற்றொன்று, சூடே ஏறாமல் இருப்பது. சோளக்காட்டிலிருந்து செம்மேட்டுக்குச் சில கிலோமீட்டர். போய் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவந்து நிறுத்திவிடுகிறோம். மார்கழி, தை விடியலில் பனியும் குளிருமாக இருக்கும்போது இது தினமும் நடக்கும். டேஷ்போர்டில் சூட்டு முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைப்போம். அது தண்ணீரின் சூடு. ஆயில் சூடேற அதைவிட வெகுநேரம் எடுக்கும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி ரிங்கைத் தாண்டி உள்ளே வந்து, குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகிவிடுகிறது. கொஞ்சம் பெட்ரோலும் இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். சூடேறாவிட்டால் அங்கேயே தங்கி, மூடிக்கு அடியில் அந்த வெண்ணெயாகத் தெரியும். மாதம் 200 கிலோமீட்டர்கூட ஓடாத இப்படிப்பட்ட காருக்கு 10,000 கிலோமீட்டர் வர நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் கையேட்டில் "ஓராண்டு" என்ற சொல் இருக்கிறது. மலைக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அதையும் ஆறு மாதமாக்கிக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பிஎஸ்6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, சூடேற்றி, கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அது முடிய சீரான வேகத்தில் இருபது நிமிஷமாவது தொடர்ந்து ஓடவேண்டும். பாதியில் வண்டியை அணைத்தால் அந்தக் கூடுதல் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் கலக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போகும். "நல்ல வண்டி, ஆயிலே குடிக்காது" என்று இதைப் பார்த்து மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் எதுவாக இருந்தாலும் உடனே மாற்ற வேண்டும். நாமக்கல் போகும் நாளில் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டிவருவது இந்த வண்டிகளுக்கு மருந்து.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுக் கவலைப்பட வேண்டாம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாயகங்கைப் படிகளில் இறங்கி ஏறி, இரண்டு நாளில் திரும்பும் காருக்கு அதற்காக ஆயில் மாற்றத் தேவையில்லை. மாற்றவேண்டிய தேதி ஏற்கெனவே நெருங்கியிருந்தால் மலை ஏறுவதற்கு முன் மாற்றிவிடுங்கள், இறங்கிய பிறகு என்று தள்ளாதீர்கள். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாக் கூட்டத்தில் மாட்டினால் வண்டி வரிசையில் ஊர்ந்து ஏறவேண்டி வரும். நெடுநேரம் நிற்கும் இடத்தில் இன்ஜினை அணைத்துவிடலாம். டர்போ உள்ள வண்டியானால் ஏறிமுடித்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். பழுக்கக் காய்ந்த டர்போவுக்குள் ஓட்டம் நின்றுபோன ஆயில் கரியாகக் கருகி, அதன் சன்னமான பாதையை அடைக்கும்.

ஏறுவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அளவு பார்ப்பது. சமவெளியில் ஆயில் கீழ்க்கோட்டில் இருந்தாலும் வண்டி ஓடிவிடும். செங்குத்தான ஏற்றத்தில், அதுவும் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, சேம்பரில் உள்ள ஆயில் ஒரு பக்கமாகச் சாயும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் ஒரு கணம் காற்றைக் குடிக்கும். அப்போதுதான் சிவப்பு ஆயில் விளக்கு ஒரு மின்னல் மின்னி மறையும். வளைவு முடிந்ததும் அணைந்துவிட்டதே என்று தொடர்ந்து ஏறுகிறவர்கள் பேரிங்கைத் தின்னக் கொடுக்கிறார்கள். அந்த விளக்கு ஒரு முறை மின்னினாலும் ஓரமாக நிறுத்தி, அணைத்து, பார்த்து, ஊற்றிய பிறகே கிளம்ப வேண்டும். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர் அளவில் பிடிக்கும். ஆகவே அதே வகை ஆயில் ஒரு லிட்டர் டப்பா டிக்கியில் இருக்கட்டும்.

அளவு பார்க்கச் சமதரை வேண்டும். சோளக்காட்டில் அது அவ்வளவு சுலபமில்லை. வீட்டு வாசலே சரிவாக இருக்கும். சரிவில் நிறுத்திப் பார்த்தால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். வாசலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; எந்தப் பக்கமும் ஓடாமல் தேங்கும் இடம்தான் உங்கள் வண்டிக்கான இடம். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் பொறுத்து, கம்பியை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். இறங்கிவந்த பிறகும் ஒரு முறை பார்ப்பது நல்லது. கியரிலேயே பிடித்து இறங்கும்போது பெட்ரோல் இன்ஜினில் காற்று வழி மூடிக்கிடக்கும், சிலிண்டருக்குள் வெற்றிடம் இழுக்கும். ரிங் தேய்ந்த பழைய வண்டிகளில் அந்த இழுப்பில் ஆயில் மேலேறி எரியும். பிரேக்கைக் காப்பாற்றக் கியரில் இறங்குவதுதான் சரி, அதை விட்டுவிடக் கூடாது. ஆயில் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த ஆயில் என்ற கேள்விக்கு மலையில் ஒரு தவறான பதில் உலவுகிறது: கெட்டி ஆயில் போட்டால் ஏற்றத்தில் தாங்கும் என்று. 20டபிள்யூ-50 போட்டால் இன்ஜின் சத்தம் குறைவது உண்மை. ஆனால் இன்றைய இன்ஜின்களில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. சன்னமான துளைகளில் கெட்டி ஆயில் விடியற்காலைக் குளிரில் நேரத்துக்குப் போய்ச்சேராது. முதல் எண்ணும் டபிள்யூவும் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்பவை, இரண்டாவது எண் 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்வது. கையேட்டில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டுக்கும் அனுமதி இருந்தால், பாரத்தோடு மலை ஏறும் வண்டிக்கு நான் 5டபிள்யூ-30-ஐ எடுப்பேன். ஒன்றுக்குத்தான் அனுமதி என்றால் அதையே போடுவேன். கரி வடிகட்டி உள்ள டீசலுக்கு, சாம்பல் குறைவான ஆயில் என்று கையேடு சொல்லும் தரக்குறியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள். சாதாரண ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியை அடைத்தால் மாற்றும் செலவு பெரிது. டப்பா சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காலி டப்பாவில் மட்ட ஆயிலை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், ஊற்றி முடித்ததும் உங்கள் டப்பாவை ஓட்டை போட்டுவிடுங்கள்.

மாற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் கரியோடு சேர்ந்து முழுக்க இறங்கும். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள். ட்ரெய்ன் போல்ட்டுக்கு அடியில் உள்ள வாஷர் சில ரூபாய்ச் சாமான். பழையதையே போட்டு முறுக்கி, கசிந்து, மரை போய்விட்ட சேம்பர்களை நிறையப் பார்க்கலாம்.

வடித்த ஆயிலை எங்கே கொட்டுவது? இதில் நான் பிடிவாதக்காரன். கரையான் வராமல் இருக்க மரத்தில் பூசுவது, புழுதி அடங்க வாசலில் ஊற்றுவது எல்லாம் பழக்கத்தில் இருக்கிறது. அதில் கரியோடு உலோகத் துகள்களும், புற்றுநோய் உண்டாக்கும் எரிபொருள் எச்சங்களும் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் அடங்கும். சோளக்காட்டில் தரையில் ஊற்றுவது தரையோடு நிற்காது. மழை பெய்தால் ஓடைக்கு வரும். இந்த மலையின் நீர்தான் ஐயாறாகி, ஆகாயகங்கையாக விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிக் கீழே வயலுக்குப் போகிறது. ஓட்டையில்லாத வேறு டப்பாவில் நிரப்பி, இறுக மூடி, அடுத்த முறை நாமக்கல் போகும்போது கழிவு ஆயில் சேகரிப்பவருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். லாரித் தொழில் ஊர் அது. பீப்பாய் பீப்பாயாக வாங்கிச் செல்கிறவர்கள் அங்கே உண்டு.

கடைசியாக பானெட்டின் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டி, தேதி, ஓடோமீட்டர் எண், ஊற்றிய ஆயிலின் வகை, எத்தனை லிட்டர் என்று எழுதிவையுங்கள். டேஷ்போர்டில் சராசரி வேகத்தைப் பூஜ்யமாக்குங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்குமுன் அடியில் குனிந்து, தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்குங்கள்.